வாடகை டிஸ்க்கைப் பதிவேட்டில் ஏற்றலாமா?

சினிமா டிஸ்க் சேகரிப்போர் பலர் கூடி எழுதும் பொதுப் பதிவேடுகள் இணையத்தில் உள்ளன. வாடகை டிஸ்க்கை அதில் ஏற்றலாமா என்பது அவர்களுக்குள் வழக்கு. சொந்தமில்லாத சரக்கை எழுதுவானேன் என்பது ஒரு கட்சி. எங்களைக் கேட்டால் எழுதத்தான் வேண்டும், தனி இனமாக.

2009இல் நம் ரஹ்மான் இசையமைத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' டிவிடியை அமெரிக்காவில் இரு தினுசாகப் போட்டார்கள். விற்பனைக்கு வந்ததில் நீக்கப்பட்ட காட்சிகள் முதலிய கூடுதல் சரக்கு உண்டு. வாடகைக்குப் போனதில் அவை இல்லை. விற்பனைப் பெட்டிக்குள் வாடகை டிஸ்க் கலந்துபோய், வாங்கியவர்கள் புகார் செய்ய, கம்பெனியே தவறை ஒப்புக்கொண்டது.

வாடகைக் கடைகள் ஓடித் தேய்ந்த டிஸ்க்கை மலிவாகத் தள்ளிவிடுவதும் உண்டு. பதிவேட்டில் இரண்டும் ஒரே வரியானால், அதை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். ஒரே பெயர், ஒரே படம் போட்ட பாக்கெட் நம் கடைக்கு 500 கிராமிலும் 450 கிராமிலும் வந்தால் ஒரே வரியிலா எழுதுகிறோம்?

கடையில் விற்கும் அதே டிஸ்க்கை வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர் கதை வேறு. அதைத் தம் இருப்பில் காட்டக் கூடாது. கமிஷனுக்கு இறங்கிய மூட்டையை நாம் கொள்முதலில் எழுதுவதில்லையே. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் தன் தபால் வாடகையை 2023இல் நிறுத்தியபோது, கடைசியாக அனுப்பிய டிஸ்க்குகளைத் திருப்பிக் கேட்கவில்லை. அவற்றை வைத்திருப்பவர் தாராளமாக இருப்பில் காட்டலாம். 'வாடகைப் பிரதி' என்று மட்டும் பக்கத்தில் குறித்துவிட வேண்டும்.