பட்டியலில் ஒரு பெயரை எடுத்தேன், வேற டிஸ்க் போச்சு

டெர்ராஃபார்ம் மாட்யூல் எழுதுவது பத்தி ரொம்ப நாளா ஒரு குறிப்பு எழுதணும்னு இருந்தேன். பொதுவா எழுதினா நானே திரும்பப் படிக்க மாட்டேன். அதனால நான் செஞ்ச ஒரு தப்பை வச்சே எழுதுறேன்.

டெர்ராஃபார்ம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: கிளவுடில் என்னென்ன வேணும்னு ஒரு ஃபைலில் எழுதினா, ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு, எதைச் சேர்க்கணும், எதை மாத்தணும், எதை அழிக்கணும்னு முதலில் ஒரு 'பிளான்' காட்டும். சரின்னு சொன்னா செஞ்சு முடிக்கும். திரும்பத் திரும்ப எழுதுவதை ஒரே இடத்தில் எழுதி வச்சா அது மாட்யூல். வீடு கட்டுறவர் ஒரே பிளானை அஞ்சு மனைக்கும் போடுற மாதிரி.

எங்ககிட்ட அஞ்சு குழுக்கள்: பில்லிங், அறிக்கை, சரக்கு, தேடல், அனுப்புகை. ஒவ்வொன்னுக்கும் ஏடபிள்யூஎஸ்-ல் ஒரு சர்வர், ஒரு டேட்டா டிஸ்க், ரெண்டையும் சேர்க்கும் ஒரு இணைப்பு. எல்லாமே ஒரே அளவு, ஒரே ஜோன். நான் எழுதின மாட்யூல் இந்தப் பெயர்களை ஒரு பட்டியலா வாங்கும். 'கவுண்ட்' வச்சு அத்தனை செட் உருவாக்கும். பட்டியலில் இருக்கும் பெயர் வெறும் லேபிளாகத்தான் போகும். சுத்தமா இருக்கேன்னு எனக்கே பெருமை.

ஒரு நாள் அறிக்கைக் குழுவை மூடிட்டாங்க. பட்டியலில் ரெண்டாவதா இருந்த அந்தப் பெயரை எடுத்தேன். பிளான் சொன்னது: சேர்ப்பது 0, மாற்றுவது 6, அழிப்பது 3. ஒரு குழுவுக்கு மூணு பொருள், மூணு அழியுது, கணக்கு சரி. அந்த 6 என்னன்னு திறந்து பார்த்தேன். எல்லாம் லேபிள் மாற்றம். லேபிள்தானேன்னு 'எஸ்' அடிச்சேன்.

கொஞ்ச நேரத்தில் அனுப்புகைக் குழுவிலிருந்து போன். சர்வரைக் காணோம்ங்கிறாங்க. கன்சோலில் பார்த்தா அனுப்புகைங்கிற பெயரில் ஒரு சர்வர் நல்லாவே ஓடிக்கிட்டிருக்கு. "இருக்கே, உங்க பக்கம் நெட்வொர்க் பாருங்க"ன்னு நானே சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, அது தேடல் குழுவோட சர்வர்.

நடந்தது இதுதான். கவுண்ட் வச்சா டெர்ராஃபார்ம் ஒவ்வொரு பொருளையும் வரிசை எண்ணால்தான் ஞாபகம் வச்சுக்கும்: 0, 1, 2, 3, 4. ஸ்டேட் ஃபைலில் அதுக்குப் பக்கத்தில் நிஜ டிஸ்கோட ஐடி இருக்கும். குழுவோட பெயர் அதுக்கு அடையாளமே இல்லை. நடுவில் ஒரு பெயரை எடுத்ததும் கீழே இருந்தவங்க எல்லாரும் ஒரு படி மேலே ஏறிட்டாங்க. 1-ல் இருந்த அறிக்கை சர்வருக்குச் சரக்குன்னு லேபிள், சரக்குக்குத் தேடல், தேடலுக்கு அனுப்புகை. இப்போ இருக்கிறது நாலு பேர்தான், அதனால 4-ம் எண் தேவையில்லை; அதிலிருந்த நிஜமான அனுப்புகை டிஸ்க் அழிஞ்சுது. மூடச் சொன்ன அறிக்கை சர்வர் மட்டும் சௌக்கியமா ஓடுது!

முந்தின நாள் ராத்திரி எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்ததால தப்பிச்சோம். ஆனா அன்னிக்குக் காலையிலிருந்து பதிவானதை அந்தக் குழு காகிதத்தைப் பார்த்துத் திரும்ப ஏத்தினாங்க. யாரும் என்னைத் திட்டலை. அதுதான் கஷ்டமா இருந்தது.

மாட்யூலை 'ஃபார்-ஈச்'சுக்கு மாத்தினேன். இதில் வரிசை எண் கிடையாது, குழுவோட பெயரே சாவி. ஒரு பெயரை எடுத்தா அந்தப் பெயருக்கு உரியது மட்டும் போகும். ஆனா சும்மா மாத்திட முடியாது. பழைய 2-ம், புது 'சரக்கு'வும் ஒன்னுதான்னு டெர்ராஃபார்முக்குத் தெரியாது; எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா கட்டப் பார்க்கும். அதுக்குத்தான் 'மூவ்ட்' பிளாக், 1.1 பதிப்பில் வந்தது. இதிலிருந்து இதுக்கு மாறியிருக்குன்னு எழுதிக் கொடுத்தா, பெயரை மட்டும் ஸ்டேட்டில் மாத்திக்கும். பில்லிங், சரக்கு, தேடல் மூணுக்கும் எழுதினேன். இந்தத் தடவை பிளானை வரி வரியா, ஐடியோட ஒப்பிட்டுப் படிச்சேன்.

கவுண்ட் கெட்டதுன்னு சொல்லலை. ஒன்னு வேணுமா வேண்டாமாங்கிற இடத்தில், அல்லது ஒன்னுக்கொன்னு வித்தியாசமே இல்லாத சர்வர்களுக்கு நல்லாவே பொருந்தும். உள்ளே டேட்டா இருந்தா வேண்டாம்.

அப்புறம் 'பிரிவென்ட் டெஸ்ட்ராய்'. டிஸ்க் பிளாக்குக்குள்ளே இதைப் போட்டேன். அழிக்கிற மாதிரி பிளான் வந்தா தப்புன்னு சொல்லி நின்னுடும். இதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. அந்த பிளாக்கையே ஃபைலிலிருந்து தூக்கிட்டா பாதுகாப்பும் கூடவே போயிடும்.

கடைசியா ஒன்னு, இந்த விஷயத்தோட நேரடிச் சம்பந்தம் இல்லை. சரிபண்ணும்போது பார்த்தா மாட்யூலில் நாற்பதுக்கு மேல மாறிகள். யாரோ ஒருத்தருக்கு எப்பவாவது வேணும்னு நான் சேர்த்துக்கிட்டே போனது. டிஸ்கை என்கிரிப்ட் பண்ணணுமாங்கிறதுக்குக்கூட ஒரு மாறி! அதை எடுத்துட்டேன், இப்போ எப்பவும் ஆன். மிச்சத்தில் ஆறு மட்டும் வச்சிருக்கேன். ஏழாவது கேட்டு ஒருத்தர் வந்திருக்கார், திங்கட்கிழமை உட்கார்ந்து பேசணும்.