றங்குப்பெட்டியில் அந்து: உடுப்பையும் காப்போம், பிள்ளையையும் காப்போம்

வலிகாமம் வடக்கில் மீளக் குடியமர்ந்த குடும்பம் ஒன்றைப் பார்க்க நாம் சென்றிருந்தோம். வீட்டுத் தாய் முற்றத்தில் பாய் விரித்து, பழைய றங்குப்பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். 1990ஆம் ஆண்டு ஊரை விட்டு வெளியேறியபோது சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோன பெட்டி அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதே பெட்டி சனக் கூட்டத்தோடு தென்மராட்சிக்குப் போனது. மறு வருடம் திரும்பி வந்து, உறவினர் வீட்டுத் திண்ணையிலும் பின்னர் நலன்புரி நிலையக் கொட்டிலிலும் பல வருடங்கள் இருந்தது. அதன் அடியில் அந்தத் தாயின் கூறைச்சேலை இருந்தது. அதை விரித்தபோது மடிப்பு வழியே சிறு சிறு ஓட்டைகள் தெரிந்தன.

“சுவாமி, எத்தினை இடம் தூக்கிக்கொண்டு திரிஞ்சம். அப்பவெல்லாம் ஒண்டும் நடக்கேல்லை. இப்ப சொந்த வீட்டில வைச்சு அந்து அரிச்சுப்போட்டுது” என்றார்.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெட்டிக்குள் இருப்பவை வெறும் துணிகள் அல்ல. கூறைச்சேலை, பிள்ளையின் முதற் சட்டை, இறந்தவரின் வேட்டி, காணி உறுதி என்று மீண்டும் வாங்க முடியாதவைதான் அதற்குள் இருக்கும். அவற்றைக் காப்பதற்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. எதிரி யார் என்று அறிவதும், வருடத்தில் இரண்டு நாட்களை ஒதுக்குவதும் போதும். அறியாமல் எடுக்கும் நடவடிக்கையோ சேலையைக் காக்கப் போய்ப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவரலாம். இவ்விரண்டையும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

எந்த அந்து?

விவசாயிகளாகிய உங்களுக்கு அந்து புதியதல்ல. விதை நெல்லை நன்கு காய வைக்காமல் மூட்டை கட்டினால், மணிக்குள் புழு இருந்து தின்று, பின் சிறு பூச்சியாகப் பறந்து வெளிவரும். அது நெல் அந்து. உடுப்பை அரிக்கும் அந்து அதற்குச் சொந்தம் போலத் தோன்றினாலும் வேறு இனம். இரவில் விளக்கைச் சுற்றிப் பறக்கும் சிறு பூச்சிகளைக் கண்டு சேலைக்காகப் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் நெல், மா, பயறு வைத்த இடத்திலிருந்து வருபவை. உடுப்பு அந்து வெளிச்சத்தை விரும்பாது. பெட்டியைத் திறந்ததும் மடிப்புக்குள் ஓடி ஒளியும். அது அரை அங்குலம்கூட இராது.

முக்கியமான விடயம் ஒன்று உண்டு. பறக்கும் அந்து துணியைத் தின்பதில்லை. அதற்கு உண்ணும் வாயே இல்லை. அது முட்டையிட்டுவிட்டுச் சில நாட்களில் இறந்துவிடும். பெண் அந்து ஒன்று 40, 50 முட்டைகள் வரை இடும். எமது வெப்பத்தில் அவை பெரும்பாலும் ஒரு வாரமளவில் பொரிக்கும். அதிலிருந்து வரும் வெண்ணிறப் புழுதான் அழிவைச் செய்கிறது. ஆகவே பறக்கும் பூச்சியைக் கையால் அடித்துக் கொன்றுவிட்டுப் பெட்டியை மூடினால் பயனில்லை. முட்டையும் புழுவும் உள்ளேதான் இருக்கும்.

சுவரில் தொங்கும் சிறு கூட்டையும் பலர் கண்டிருப்பீர்கள். பூசணி விதை போலத் தட்டையாய், இரு முனையும் ஒடுங்கி, மண் நிறத்தில் இருக்கும். தொட்டால் புழு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுவும் அந்துக் குடும்பத்துப் புழுவே. பழைய சிலந்தி வலை, உதிர்ந்த மயிர், கம்பளி நூல் ஆகியன அதன் உணவு. சுவரில் இக்கூடுகள் தொங்கினால், கூரையிலும் மூலையிலும் வலை அடிக்காத வீடு என்று பொருள். தும்புத்தடியால் வலையடித்துக் கூடுகளைச் சேர்த்து எரித்துவிடுங்கள்.

அது எதைத் தின்னும்?

இப்புழுவுக்கு மயிரும் இறகும் கம்பளியும் விருப்பமான உணவு. பட்டையும் அரிக்கும். பருத்தியையோ நைலோனையோ அதனால் செரிக்க முடியாது. ஆனால் வியர்வை, எண்ணெய், சாப்பாட்டுக் கறை பட்ட துணி எதுவானாலும் அக்கறையைத் தேடி அரிக்கும். கூறைச்சேலையைத் திருமணத்தன்று உடுத்தி, வியர்வையோடு மடித்து வைப்பதே பல வீடுகளில் நடக்கும் தவறு. புழு முதலில் தின்பது அந்த வியர்வைக் கறையை. ஓட்டை அதன்பின் வருகிறது.

பருத்திச் சேலையிலும் சாரத்திலும் ஓட்டை கண்டால் அந்துவை மட்டும் குற்றஞ்சாட்ட வேண்டாம். வெள்ளி நிறத்தில், வாலில் மூன்று மயிருடன், மீன் போல வழுக்கி ஓடும் பூச்சி ஒன்று உண்டு. அது கஞ்சியையும் கடதாசியையும் தின்னும். கஞ்சி போட்ட துணியின் மேற்பரப்பைச் சுரண்டிவிடும். கரப்பானும் உணவுக் கறை பட்ட துணியைக் கடிக்கும். ஆகவே நெடுங்காலம் வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். உடுத்தும் நாளில் போட்டுக்கொள்ளலாம்.

வெயிலே முதல் மருந்து

விதை நெல்லுக்கு நீங்கள் செய்வதையே துணிக்கும் செய்ய வேண்டும். முறை இதுதான்:

1. பெட்டியில் உள்ள அனைத்தையும் வெளியே எடுங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்து உதறுவது போதாது. அடியில்தான் புழு இருக்கும்.

2. துவைக்கக் கூடிய பருத்தித் துணிகளைச் சவர்க்காரம் இட்டுத் துவையுங்கள். சாயம் போகாதவற்றைக் கை பொறுக்க முடியாத அளவு சூடான நீரில் ஊற வைத்தால் முட்டையும் புழுவும் இறக்கும்.

3. கம்பளிப் போர்வை, தலையணை, தடித்த துணிகளை நடுப்பகல் வெயிலில் விரித்து, மடிப்பு, தையல், பொக்கற் ஆகியவற்றைத் துலக்கித் தட்டுங்கள். முட்டைகள் உதிர்ந்துவிடும். வெளிச்சத்தைத் தாங்காத புழுவும் வெளியே வரும்.

4. கூடிய பாதுகாப்பு வேண்டுமாயின், நன்கு காய்ந்த போர்வையைக் கறுப்புப் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, தகரத்தின் மேல் கடும் வெயிலில் வையுங்கள். இடையிடையே புரட்டிவிடுங்கள். உள்ளே சூடு 55 பாகை செல்சியசை எட்டி, துணியின் நடுவரை ஊறினால் எந்தப் பருவத்துப் புழுவும் தப்பாது. ஈரத் துணியை இப்படிக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

5. துணி முழுதாக ஆறிய பின்னரே மடித்துப் பெட்டியில் வையுங்கள்.

பட்டுக்கு மட்டும் வேறு முறை. நேர் வெயிலில் பட்டுச் சாயம் மங்கும், நூலும் இற்றுப்போகும். ஆகவே காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டு, மெல்லிய துணியால் இரு பக்கமும் துடைத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். பழைய மடிப்பிலேயே திரும்பத் திரும்ப மடித்தால் பூச்சி இல்லாமலே பட்டு வெடித்துவிடும். பின் துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ள உறவினர் இருந்தால், சேலையைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, உறைய வைக்கும் தட்டில் இரண்டு வாரம் வைத்தாலும் புழு சாகும். எடுத்தபின், குளிர் முற்றாக நீங்கும்வரை பையைப் பிரிக்க வேண்டாம்.

துணியைப் பார்த்தவர்கள் பெட்டியை மறந்துவிடக் கூடாது. மூலைகளிலும் பிணைச்சல் இடுக்கிலும் தூசியோடு முட்டை இருக்கும். தூரிகையால் துலக்கி, துடைத்து, திறந்தபடி வெயிலில் காய வையுங்கள். நிலத்தில் வையாமல் நான்கு கல்லின்மேல் வையுங்கள். நிலத்தின் ஈரம் ஏறாது. கறையான் மண் கட்டி ஏறினாலும் உடனே கண்ணில் படும்.

வேப்பிலை, நொச்சி, காய்ந்த புகையிலை வைப்பது எமது முன்னோர் வழக்கம். நிழலில் நன்கு காய்ந்த இலையைச் சிறு துணியில் முடிந்து வைக்கலாம். பச்சை இலை கறையும் பூஞ்சணமும் தரும். ஆனால் இலையின் மணம் உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். துப்புரவு செய்த பெட்டிக்கு அது ஒரு துணை மாத்திரமே.

வெள்ளை உருண்டையின் ஆபத்து

கடையில் விற்கும் நப்தலீன் உருண்டையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அதன் ஆவி இறுக மூடிய பெட்டியில் நிறைந்தால்தான் புழுவைக் கொல்லும். திறந்த அலுமாரியிலும், கொடியில் தொங்கும் துணியிலும், கொட்டில் மூலையிலும் போட்டால் பூச்சி சாகாது. அந்த ஆவியை வீட்டில் உள்ளவர்களே சுவாசிப்பார்கள்.

சிலருடைய குருதியில் ஜி6பிடி எனப்படும் நொதியம் பிறப்பிலேயே குறைவாக இருக்கும். தாய்வழி வரும் இக்குறைபாடு ஆண் பிள்ளைகளில் அதிகம். மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. 2016ஆம் ஆண்டு எமது நாடு மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஆனால் குருதியில் வரும் இக்குறை நோயோடு சேர்ந்து போய்விடவில்லை. இத்தகைய பிள்ளைக்கு நப்தலீன் உடலில் சேர்ந்தால் செங்குருதிக் கலங்கள் உடையும். நப்தலீன் இட்டு வைத்த உடுப்பையும் போர்வையையும் அணிவித்ததால் பச்சிளங் குழந்தைகளுக்குக் கடும் மஞ்சட்காமாலை வந்து மூளை பாதிக்கப்பட்டதும், உயிர் பிரிந்ததும் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. எண்ணெய் பூசிய தோலினூடாக அது இன்னும் எளிதாக உட்செல்லும். குழந்தைக்கு எண்ணெய் பூசிக் குளிக்க வார்ப்பது எமது வழக்கம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எனவே குழந்தையின் உடுப்பிலும், ஏணையிலும், கர்ப்பிணியின் துணிகளிலும் இந்த உருண்டையை வைக்கவே வேண்டாம். மூத்த பிள்ளையின் சட்டைகளை அடுத்த பிள்ளைக்கென உருண்டையோடு கட்டி வைத்திருப்பதை நாம் சில வீடுகளில் கண்டிருக்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆயினும் அச்சட்டையைப் பிறந்த பிள்ளைக்குப் போடாதீர்கள்.

உருண்டையை இனிப்பு என்று நினைத்துப் பிள்ளை விழுங்கினால், வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். நஞ்சு முறிக்கும் என்று பாலோ தேங்காய்ப்பாலோ கொடுக்காதீர்கள். கொழுப்புடன் சேர்ந்தால் அது விரைவாக உடலில் ஊறும். மீதி உருண்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளை நலமாக இருப்பது போலத் தோன்றினாலும் போக வேண்டும். வெளிறல், கண் மஞ்சளாதல், சிறுநீர் தேத்தண்ணி நிறமாதல் ஆகிய குறிகள் ஓரிரு நாள் கழித்தும் தோன்றலாம். கற்பூரமும் விழுங்கினால் வலிப்பை உண்டாக்கும் நஞ்சே. அதையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இன்னொன்று: வயலுக்கு வாங்கிய பூச்சிநாசினியில் மிச்சத்தைப் பெட்டிக்குள் தெளிக்கும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது. அது துணியில் ஊறி, வியர்வையோடு தோல் வழியே உடலுக்குள் செல்லும்.

உறுதியைத் தனியே வையுங்கள்

பல வீடுகளில் காணி உறுதி சேலை மடிப்புக்குள்தான் இருக்கிறது. துணிக்கு வரும் பூச்சி கடதாசிக்கும் வரும். உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு ஆகியவற்றைக் காய்ந்த கடதாசி உறையில் இட்டு, இறுக மூடும் பிஸ்கற் பேணியில் தனியே வையுங்கள். ஒவ்வொன்றிலும் போட்டோப் பிரதி எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். உறுதி ஏற்கனவே அரித்துப்போயிருந்தால் மனம் உடைய வேண்டாம். பதியப்பட்ட உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது எளிது. ஆகவே அவ்விரண்டையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

வருடத்தில் இரண்டு நாள்

மாரி மழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒரு நாள். மழை ஓய்ந்து, காலபோக நெல்லைக் காய விடும் தை, மாசியில் ஒரு நாள். நெல் காயும் அதே முற்றத்தில் ஓர் ஓரமாக உடுப்பும் காயட்டும். அந்து கண்ட பெட்டியானால் ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு முறை பாருங்கள். தப்பிய முட்டை இருந்தால் அப்போது புழுவாகப் பிடிபடும்.

முதலில் சொன்ன தாயின் கூறைச்சேலைக்கு என்ன நடந்தது? ஓட்டை விழுந்தது நடு மடிப்பில் மாத்திரம். தலைப்பும் கரையும் முழுதாக இருந்தன. கெட்டதை வெட்டி எடுத்து, நல்ல பகுதியில் பேத்திக்கு ஒரு பாவாடை தைக்கலாம் என்று அயல்வீட்டுத் தையற்கார அக்கா சொன்னார். அன்று பின்னேரமே பெட்டியைத் துலக்கிக் கல்லின்மேல் வைத்தார்கள். அதற்குள் கிடந்த நான்கு வெள்ளை உருண்டைகளைத் தாயே கடதாசியில் பொதிந்து எடுத்து அகற்றினார். வீட்டில் ஏணை கட்டியிருந்தது.