உஷார்! மூன்று மணி நேர 'செராமிக்' உங்கள் பெயிண்டைத் தின்றுவிடும்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் போதும், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கே திரும்பினாலும் 'மூன்றே மணி நேரத்தில் செராமிக் கோட்டிங்' என்று நோட்டீஸ். கார் சாவியை நீட்டும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் மொத்தமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் வெயிலைத் தாங்குவது மேலே இருக்கிற கிளியர் கோட். ஏறக்குறைய 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. கோட்டிங்குக்கு முன் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷினை ஓட்டும்போது கீறல் மறைவது எப்படி? சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறார்கள். போனது போனதுதான், திரும்ப வளராது. ஆஃபர் வரும்போதெல்லாம் தேய்த்தால் பானட் விளிம்பு முதலில் வெளுக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். அதன்பிறகு ரீபெயிண்ட் தவிர வழி கிடையாது.

நம் ஏரியாவில் ஆபத்து இன்னும் அதிகம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் சிமென்ட் தூசி, பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் உப்புக் காற்று, பல வீடுகளில் உப்பு போர் தண்ணீர். தூசியைத் தண்ணீர் அடித்து இறக்காமல் துணியால் இழுத்தாலே வட்ட வட்டமாகக் கீறல் விழும். கண்ணாடியில் படிந்த உப்புக்கறையை நொடியில் எடுப்பதாக லேபிள் இல்லாத பாட்டிலோடு யாராவது வந்தால் தொடவே விடாதீர்கள். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருந்தால் கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும். அதைக் கையுறைகூட இல்லாமல் தேய்க்கும் பையன்களை நினைத்தால் பதறுகிறது.

நிஜமான கோட்டிங்குக்கு முதலில் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) தேய்த்து, கீறல் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பூசியபின் ஷெட்டுக்குள் காயவும் விட வேண்டும். வண்டி ஒரு நாளாவது அங்கேயே நிற்கும். நோட்டீஸில் போடும் '9எச்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. லாரி தெறிக்கவிடும் கல்லை அது தடுக்காது.

கடைக்குள் போய் நின்று பாருங்கள். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு அப்படியே பானட்டில் வைத்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். பெயிண்ட் தடிமன் மீட்டர் இருக்கிறதா? பாலிஷுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பேனலிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாலிஷ் முடிந்ததும், கோட்டிங் பூசும் முன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். ஃபில்லரால் நிரப்பி மறைத்த கீறல் அங்கேயே பல்லிளிக்கும். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

இனி சொல்வது உயிர் விஷயம். டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிகான் பாலிஷ் பிரேக் பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ பட்டிருந்தால் வழுக்கும். வண்டியை எடுக்கும் முன் இரண்டையும் துணியால் அழுத்தித் துடையுங்கள். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயர் கனெக்டர் ஓடும் கார்கள் உண்டு; உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் கடையை விட்டு நகராதீர்கள்.

பூசிய பொருளின் பெயர், வாரன்டி, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் பில்லில் வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணமே இல்லை.