மயக்க ஊசிக்கு முன் ஒரு சின்னக் குழாய்

"ஆபரேஷன்கூட பயமில்லை வைத்தியரே, கையில ஊசியைக் குத்தி அப்படியே வச்சிருவாங்களே, அதான் பயம்!" என்று சொல்பவர்கள் பலர். நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் கத்தி வைத்தே தீர வேண்டிய நோயைச் சூரணம் கொடுத்துத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். எனவே இந்தப் பயத்தைப் போக்கிவிடுவோம்.

முதலில், கைக்குள் ஊசி தங்குவதே இல்லை. இரத்தக் குழாய்க்குள் நுழைந்ததும் ஊசியை உருவிவிடுவார்கள். உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். நர்சுகள் 'வென்ஃப்ளான்' என்பார்கள்.

1846-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதரை முகரச் செய்து மயக்கம் கொடுத்தார்கள். 1934-ல் தயோபென்டோன் என்ற மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்தத் தொடங்கினார்கள். இப்போது பெரும்பாலும் பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால். ஏறும்போது கை சுரீரென்று எரியலாம். பயப்படாதீங்க, ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும்.

"மயங்கிட்டா குழாயை எடுத்துரலாமே?" என்று கேட்கலாம். கூடாது! மயக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்கலாம். இதயத் துடிப்பு குறையலாம். இரத்தம் அதிகம் வெளியேறலாம். ஏதாவது மருந்து ஒவ்வாமல் போகலாம். அந்த நேரத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்கிப்போகும், தேடினாலும் எளிதில் கிடைக்காது. முன்பே குழாய் இருந்தால் மாற்று மருந்தும் சலைனும் இரத்தமும் நொடியில் உள்ளே போகும். ஊசிக்கு அழும் குழந்தைகளுக்கு முகமூடி வழியே மயக்கம் கொடுத்தாலும், தூங்கியதும் குழாய் போட்டுவிடுவது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* குழாய் போட்ட இடம் வீங்கினாலோ, விடாமல் வலித்தாலோ உடனே சொல்லுங்கள். மருந்து வெளியே கசியலாம்.

* டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கை என்றால், அதில் குழாய் போட வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்.

* "நாட்டு மருந்துதானே, இதை எதுக்குச் சொல்லணும்?" என்று மறைக்காதீர்கள். அமுக்கரா மயக்கத்தைக் கூட்டலாம். பூண்டு மருந்துகள் இரத்தக் கசிவை அதிகமாக்கலாம். இவற்றைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நான் கொடுத்த மருந்தாக இருந்தாலும் பொட்டலத்தோடு எடுத்துப்போய் மயக்க டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் உடம்புக்குள் ஏற்கெனவே என்ன மருந்து இருக்கிறது என்று தெரிந்தால்தான், அந்தக் குழாய் வழியே எதை, எவ்வளவு கொடுப்பது என்று அவர் சரியாக முடிவு செய்ய முடியும்.