ரெட்பேக்கையே இழுத்துப் போகும் குளவி!

வாங்க, ஆஸ்திரேலிய வீடொன்றின் கொல்லைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்போம். மூலையில் பழைய சாமான்களுக்கு நடுவே பட்டாணி அளவில் பளபளக்கும் கறுப்பு உடல், முதுகில் சிவப்புப் பட்டை. ரெட்பேக் பெண் சிலந்தி! இதன் கடிக்கென்றே 1956-இல் விஷமுறிவு மருந்து வந்தது. பூச்சிகளை வீழ்த்தவென்றே தனி நச்சுப் புரதங்களும் அந்த விஷத்தில் உண்டு. அப்படிப்பட்ட சிலந்தியின் எதிரே ஒரு பூச்சி துணிந்து போய் நிற்கிறது என்றால் நம்புவீர்களா?

போய் நிற்கிறது! கொடுக்கால் ஒரு குத்து. சிலந்தி சாகவில்லை, கால் அசைக்க முடியாமல் முடங்குகிறது. இனிமேல்தான் வேடிக்கை. அந்தக் கனத்த உடலைத் தரையில் தரதரவென்று இழுத்து, செங்குத்துச் சுவரிலும் ஏற்றி, கூட்டுக்குக் கொண்டுபோகிறது குளவி.

கூட்டுக்குள் நடப்பதுதான் உச்சம். சிலந்தியின் உடல்மேல் ஒரே ஒரு முட்டை. பொரிந்து வரும் புழுவுக்கு அந்த ஒரு சிலந்திதான் மொத்தச் சாப்பாடும். செத்த இரை அழுகிவிடும். உயிரோடு முடங்கியது கெடாது. தாய்க்குளவிக்கோ இறைச்சியே வேண்டாம், பூந்தேன் போதும். இத்தனை பாடும் பிள்ளைக்காக!

இப்போது இந்தக் குளவிக்குப் பெயர் வந்த கதைக்கு வாங்க. 1770-இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் ஆஸ்திரேலியா வந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் குழுவினர் இதைச் சேகரித்தார்கள். 1775-இல் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் அதை விவரித்துப் பெயரிட்டார். இன்றைய அறிவியல் பெயர் அஜெனியாய்டியஸ் நைக்ரிகார்னிஸ். பெயர் கிடைத்தது. ஆனால் அது ரெட்பேக்கை வேட்டையாடுகிறது என்ற சேதி? இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் ஏடுகளில் அது ஏறவே இல்லை!

கண்டுபிடித்தது யார் தெரியுமா? விக்டோரியா மாநிலத்தின் போஃபோர்ட் ஊரில் ஒரு சிறுவன்! குளவியொன்று சிலந்தியை இழுத்துப் போவதை அவன் கவனித்தான், வீட்டார் படமெடுத்தார்கள். அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குளவியை அடையாளம் கண்டு 2012-இல் உலகுக்குச் சொன்னார்கள்.

சிலந்தி வேட்டைக் குளவிகள் உலகில் ஏறத்தாழ 5,000 இனம். பலவற்றின் இரை எதுவென்று எங்குமே பதிவில்லை. ஆகவே, சுவரோரம் குளவி எதையாவது இழுத்துப் போனால் துடைப்பத்தைத் தேடாதீர்கள். போனை எடுத்துப் படம்பிடியுங்கள், குழந்தைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தக் குளவியின் இரையை முதலில் பார்த்தவர் நீங்களாகவே இருக்கலாம்!