வாளெடுக்காதவர்கள் – 17: தோட்டாவுக்குள் போன இரத்தசாட்சிகள்

துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான். தப்பி ஓடிய அனபாப்டிஸ்டு டிர்க் வில்லம்ஸ் திரும்பி வந்து தூக்கிவிட்டார். தூக்கிய கைக்கே விலங்கு விழுந்தது. 1569 மே 16 அன்று நெதர்லாந்தின் ஆஸ்பெரனில் அவரை எரித்தார்கள். சென்ற வாரத்துக் கதை இவ்வளவுதான். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வாரத்துக்கு வாக்களித்திருந்தது மகிழ்ச்சியைப் பற்றி. சண்டைக்குப் போகாத, சத்தியம் செய்யாத, அடித்தால் திருப்பி அடிக்காத இந்த அனபாப்டிஸ்டுகள், கட்டி இழுத்துப் போகும்போது பாடிக்கொண்டு போனார்களே, அது எப்படி என்ற கேள்வி. அவர்களைக் கேட்டால் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து காட்டியிருப்பார்கள். சமாதானம் பண்ணுகிறவர்களை வாழ்த்துவது 9ஆம் வசனம். அடுத்த வசனமே துன்புறுத்தப்படுகிறவர்களுக்கு. 12ஆம் வசனத்தில் அப்படிப்பட்டவர்களைக் களிகூரச் சொல்கிறார் இயேசு. முதல் வசனத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் வேகமாகக் கடந்துபோவது எல்லாச் சபைகளிலும் நடப்பது. இவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் படித்தார்கள்.

பெலிக்ஸ் மான்ஸிலிருந்து தொடங்கலாம். 1527 ஜனவரி 5, சூரிச். விவரம் தெரிந்த வயதில், விசுவாசித்த பிறகு எடுப்பதே ஞானஸ்நானம் என்று சொன்னதற்காக, லிம்மாட் ஆற்றில் அவரை மூழ்கடிக்கத் தீர்ப்பு. தீர்ப்புக் கொடுத்தது கத்தோலிக்க விசாரணை மன்றம் அல்ல. சீர்திருத்தவாதி சுவிங்லியின் ஊரான சூரிச்சின் நகர சபை. கைகளை முழங்காலைச் சுற்றிக் கட்டி, இடையில் கோலைச் செருகிப் படகில் ஏற்றினார்கள். கரையில் அவருடைய தாயும் சகோதரரும் நின்றார்கள். மன்னிப்புக் கேட்டுப் பிழைத்துக்கொள் என்று அவர்கள் கெஞ்சவில்லை. உறுதியாக நில் என்று குரல் கொடுத்தார்கள். மான்ஸ் லத்தீனில், தன் ஆவியை ஆண்டவர் கையில் ஒப்படைக்கும் ஜெபத்தை உரத்த குரலில் பாடினார். பிறகு தண்ணீர். அந்தக் கரையில் நினைவுக் கல் வைக்கப்பட்டது 2004ஆம் ஆண்டில்தான்.

அவர் பேரில் ஒரு பாட்டு இருக்கிறது. சந்தோஷத்தில் தொடங்குகிற பாட்டு. அது 'அவுஸ்புண்ட்' என்ற பாட்டுப் புத்தகத்தில் ஆறாவது.

அவுஸ்புண்டின் அடித்தளம் ஒரு சிறைக்கூடம். 1535இல் மொராவியாவிலிருந்து துரத்தப்பட்ட அனபாப்டிஸ்டுகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கு ஜெர்மனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, டானூப் நதிக்கரை ஊரான பாசாவில் சுமார் அறுபது பேர் பிடிபட்டார்கள். காலமும் அவர்களுக்குப் பகையாக இருந்தது. அதே ஆண்டில்தான் மியூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றி வாளேந்தி ஆண்ட வேறொரு அனபாப்டிஸ்டுக் கும்பல் வீழ்ந்திருந்தது. வாளெடுத்தவர்களின் பழி வாளெடுக்காதவர்களின் தலையில் விழுந்தது. பாசாவ் கோட்டை நிலவறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். சிலர் அங்கேயே செத்தார்கள். சிலர் பின்வாங்கி வெளியே வந்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாரும் சிரித்துக்கொண்டே செத்தார்கள் என்று எழுதுகிற பக்திப் புத்தகங்கள் அந்த மனிதர்களுக்கு நியாயம் செய்வதில்லை. ஆனால் அந்த இருட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் பிறந்தன. 1564இல் அவை அச்சேறின. பின்னர் வேறு பாட்டுகளும் சேர்ந்து வளர்ந்த அந்தப் புத்தகத்தை அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் இன்றும் ஞாயிறு ஆராதனையில் பாடுகிறார்கள். புத்தகத்தில் ராகக் குறிப்பு ஒன்றும் கிடையாது. மெட்டு வாய்வழியாகவே வருகிறது. ஒவ்வோர் அசையையும் இழுத்து இழுத்துப் பாடுவதால் நான்கு சரணத்துக்கு இருபது நிமிடம்கூட ஆகும்.

பாட்டுக்கு அதிகாரிகள் பயந்தார்கள். வாதத்துக்கு எதிர்வாதம் செய்யப் பண்டிதர்கள் இருந்தார்கள். எரியும் கம்பத்தை நோக்கிப் பாடிக்கொண்டு போகிற ஒருத்தியைப் பார்க்கும் கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வது? அதற்காகக் கண்டுபிடித்ததுதான் நாக்குத் திருகாணி. நாக்கை இரும்பில் பிணைத்துத் திருகிவிட்டால் பாட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. 1573 அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் கொத்தனார் ஒருவரின் மனைவி மைக்கென் வென்ஸ் அப்படித்தான் கொண்டுவரப்பட்டாள். பதினைந்து வயது மூத்த மகன் அட்ரியான், மூன்று வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். அம்மாவைக் கொண்டுவந்ததும் மயங்கி விழுந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். சிறையிலிருந்து அவள் மகனுக்கும் கணவனுக்கும் எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. பிள்ளைகளைப் பிரியும் வேதனையும் ஆண்டவருக்குள் சந்தோஷமும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

இந்தக் கடிதங்கள் நமக்கு வந்து சேர்ந்த வழிதான் இந்த வாரம் எழுத்து மேசையை ஆக்கிரமித்துக்கொண்டது. மகிழ்ச்சி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

டோர்ட்ரெக்ட் நகரின் தீலெமான் வான் பிராக்ட் துணி வியாபாரி, அனபாப்டிஸ்டு வழிவந்த மென்னோனைட் சபையின் மூப்பர். 1660இல் இந்தக் கதைகளையும் கடிதங்களையும் விசாரணைப் பதிவுகளையும் திரட்டி டச்சு மொழியில் ஒரு பெரும் புத்தகம் போட்டார். 'இரத்தசாட்சிகளின் கண்ணாடி' என்று அதைச் சொல்லலாம். ஏன் அப்போது? நெதர்லாந்தில் துன்புறுத்தல் ஓய்ந்துவிட்டிருந்தது. மென்னோனைட்டுகள் பணக்காரர்களாகிவிட்டிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் மென்னோனைட் போதகரும் துணி வியாபாரியுமான கொர்னேலிஸ் ஆன்ஸ்லோவை 1641இல் ரெம்பிராண்டே ஓவியமாகத் தீட்டினார் என்றால் வசதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வான் பிராக்ட் முன்னுரையில் கவலைப்படுகிறார்: முன்னோரின் காலத்தைவிடத் தன் காலமே ஆபத்தானது, பெரிய வீடும் பகட்டான உடையும் தீயைவிட மோசமாக விசுவாசத்தைத் தின்கின்றன என்பது அவர் கட்சி. 1685 பதிப்புக்கு யான் லூய்க்கன் 104 செப்புத்தகட்டுச் சித்திரங்கள் செதுக்கினார். டிர்க் வில்லம்ஸ் பனியில் குனிந்து கை நீட்டும் படமும், அட்ரியான் சாம்பல் கிளறும் படமும் அவர் கைவண்ணமே.

இனி அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். 1740களில் பென்சில்வேனியாவில் குடியேறியிருந்த ஜெர்மன் பேசும் மென்னோனைட்டுகளுக்குப் போர் வாடை அடித்தது. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்தன. அவர்களுடைய இளைஞர்கள் சிறையையே பார்க்காத தலைமுறை, டச்சும் தெரியாது. நாளைக்குத் துப்பாக்கி தூக்கச் சொன்னால் எதைச் சொல்லி மறுப்பார்கள்? 1745இல் ஸ்கிப்பாக் ஊர் மூப்பர்கள் ஆம்ஸ்டர்டாமுக்குக் கடிதம் எழுதினார்கள்: அந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சிட உதவுங்கள். நீண்ட காலம் பதிலே இல்லை. வந்த பதிலும் உதவாத பதில். அதற்குள் அவர்கள் பக்கத்திலேயே ஆள் பிடித்துவிட்டார்கள்.

அந்த ஆள் எஃப்ராட்டா மடம். கொன்ராட் பைசல் என்ற ஜெர்மன்காரர் 1732இல் தொடங்கியது. மென்னோனைட்டுகள் அல்லர்; சனிக்கிழமை ஓய்வுநாளை அனுசரிக்கும் துறவிகள். மரப்பலகைதான் படுக்கை, மரக்கட்டைதான் தலையணை, நடுராத்திரியில் எழுந்து ஜெபம். பைசலுக்கு இசைப் பித்து வேறு. தானாகவே ஒரு இசை இலக்கணம் வகுத்தார். தாமஸ் மன் தன் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாவலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். (அந்தக் கிளைக் கதைக்குள் போனால் இந்த இதழ் அச்சுக்குப் போகாது.)

மடத்துக்குச் சொந்தமாகக் காகித ஆலை, அச்சகம், புத்தகக் கட்டடப் பட்டறை எல்லாம் இருந்தன. இந்த ஒரு வேலைக்குப் பதினைந்து பேர் ஒதுக்கப்பட்டார்கள். எழுத்துக் கோக்க நாலு பேர், அச்சடிக்க நாலு பேர், கந்தலைக் கூழாக்கிக் காகிதம் செய்ய ஆறு பேர், மொழிபெயர்க்க ஒருவர். அந்த ஒருவர் பீட்டர் மில்லர். மூன்று ஆண்டு, ராத்திரிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை என்று சொல்வார்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மென்னோனைட்டுகள் இருவரை நியமித்தார்கள். 1748இல் முதல் பகுதியும் அடுத்த ஆண்டில் மீதியும் வந்தன. 1,512 பக்கம், 1,300 பிரதி. சுதந்திரத்துக்கு முந்தைய அமெரிக்காவில் அச்சான மிகப் பெரிய புத்தகம் இதுதான்.

விற்றது போக மிச்சம் கட்டடம் செய்யாத தாள்களாக மடத்தில் கிடந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தது. அன்றைய துப்பாக்கிக்குக் காகிதம் இல்லாமல் முடியாது. மருந்தையும் குண்டையும் காகிதக் குழலில் சுருட்டித் தோட்டா செய்வார்கள்; சிப்பாய் நுனியைப் பல்லால் கடித்து மருந்தைக் குழாயில் கொட்டுவான். 1857 கலகத்தில் சிப்பாய்கள் கடிக்க மறுத்தார்களே, அதே முறைதான். புரட்சிப் படைக்குக் காகிதப் பஞ்சம். எஃப்ராட்டாவில் நல்ல தடித்த காகிதம் அடுக்கடுக்காக இருப்பது தெரிந்துபோனது. வண்டி கட்டிக்கொண்டு வந்து இரத்தசாட்சிகளை அள்ளிப் போனார்கள்.

ஆக, போருக்குப் போகாமல் பிள்ளைகளைக் காப்பதற்காக அச்சிட்ட புத்தகம் போருக்குப் போனது. மைக்கென் வென்ஸின் கடிதமோ டிர்க் வில்லம்ஸின் பனிக்கட்டியோ ஏதோ ஒரு சிப்பாயின் பல்லில் கடிபட்டிருக்கக்கூடும். இதைப் படித்த நாளிலிருந்து வேறு எதையும் யோசிக்க முடியவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் சாய்வுக்குக் காரணம். போர் முடிந்ததும் மிஞ்சிய தாள்களை மீட்டு, கட்டி, புத்தகமாக்கி வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாள் பறிபோன மடம் என்ன செய்தது? 1777 செப்டம்பரில் பிராண்டிவைன் சண்டையில் வாஷிங்டனின் படை தோற்றது. காயம்பட்டும் நோய்வாய்ப்பட்டும் வந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களை அந்தக் குளிர்காலம் முழுவதும் எஃப்ராட்டா மடத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள். விஷக் காய்ச்சல் பரவியது. சிப்பாய்கள் இறந்தார்கள், கவனித்த மடத்தவர்கள் சிலரும் இறந்தார்கள். மகிழ்ச்சியோடு செய்தார்களா, முணுமுணுத்துக்கொண்டே செய்தார்களா என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. கதவைத் திறந்தார்கள், கணக்குக் கேட்கவில்லை. வான் பிராக்ட் இருந்திருந்தால் இவர்களையும் தன் புத்தகத்தில் சேர்த்திருப்பாரா என்பது சந்தேகம். சேர்த்திருக்க வேண்டும்.

அந்தப் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. ஆமிஷ் வீடுகளில் அதைக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். புதுத் தம்பதிக்கு இப்படி ஒரு சீர் நம் ஊரில் யாரும் கொடுக்கத் துணியமாட்டார்கள். ஆனால் ஸ்கிப்பாக் மூப்பர்கள் கேட்டது இதைத்தான்: சிறை பார்க்காத தலைமுறையின் கையில் கொடுக்கப் பெயர்களும் கடிதங்களும்.

ஸ்கிப்பாக் இளைஞர்கள் பயந்த அழைப்பு, 1918இல் வேறொரு அனபாப்டிஸ்டு வழியினரின் வாசலுக்கு வந்தது. தெற்கு டகோட்டாவின் ஹட்டரைட் குடியிருப்பிலிருந்து ஹோஃபர் சகோதரர்கள் மூவரும் ஜேக்கப் விப்பும் சீருடை போட மறுத்து ஆல்கட்ராஸ் சிறைக்குப் போனார்கள். மகிழ்ச்சியைப் பற்றிய மீதிப் பேச்சை அங்கேதான் தொடர வேண்டும். அது அடுத்த வாரம். முதல் உலகப் போர் நவம்பர் 11ஆம் தேதி முடிந்தது. ஜோசப் ஹோஃபர் இறந்தது நவம்பர் 29. பிணத்துக்குச் சீருடை போட்டுத்தான் மனைவிக்குக் காட்டினார்கள்.