நீர் எங்கே போயிற்று?

வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்கு, வீட்டைச் சூடாக்குவதற்கென ஒரு யந்திரம் வேண்டும் என்பது விந்தையான செய்தியே. ஆயினும் நம்மவர் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடும்பம் நடத்துகின்றனர். அங்கே குளிர்காலத்தில் அந்த யந்திரம் நின்றுவிடுமாயின், குழந்தைகளும் முதியோரும் படும் துன்பம் சொல்லுந் தரமன்று.

2024 ஆம் ஆண்டு ஜனவரியில் ஓரிரவு, முன்னர் என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், பொயிலரின் அமுக்கம் ஒவ்வொரு நாளும் இறங்கிவிடுகிறது. இரண்டு கிழமையாகக் காலைதோறும் தண்ணீர் நிரப்புகிறேன். அம்மா கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு இருக்கிறா. நாளைக்கு மூடியைக் கழற்றி நானே பார்க்கப் போகிறேன்."

"தம்பி, மூடியைத் தொடவேண்டாம். முதலில், போன நீர் எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்போம்" என்றேன்.

அவர் வீட்டிலுள்ள கொதிகலன் எரிவாயுவால் நீரைச் சூடாக்குகிறது. அந்நீரை ஒரு பம்பி குழாய்களின் வழியே அறைகள்தோறும் உள்ள ரேடியேற்றர்களுக்கு அனுப்புகிறது. வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. இஃது அடைபட்ட சுற்று. அதே நீர்தான் ஓயாது சுற்றிவருகிறது. ஆறியிருக்கும்போது அமுக்கமானியின் முள் பொதுவாக 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கவேண்டும். ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீற்றர் உயர நீர் நிரலின் அமுக்கமாகும். மேன்மாடி வரையில் நீர் நிறைந்து நிற்பதற்கு இது போதுமானது. அமுக்கம் மிகவும் தாழ்ந்தால், பல கொதிகலன்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும்.

அடைபட்ட சுற்றில் நீர் தானாகக் குறையாது. முள் இறங்கினால் நீர் எங்கோ வெளியேறியிருக்கவேண்டும். அல்லது ரேடியேற்றர்களிலிருந்து அண்மையில் காற்றைத் திறந்துவிட்டிருக்கவேண்டும். பின்னதாயின் ஒருமுறை நீர் நிரப்பினால் போதும். நாள்தோறும் இறங்குவது அத்தகையதன்று.

"வீடு நன்றாகச் சூடேறியிருக்கும்போது முள் எங்கே நின்றது?" என்று கேட்டேன். அவர் பார்த்திருக்கவில்லை. காலையில் மாத்திரம் பார்த்தாராம். நம்மிற் பலரும் விடும் தவறு இதுவே.

ஒரு மணி நேரத்தின் பின் மீண்டும் அழைத்தார். முள் ஏறி 3 பாரைத் தொட்டு நின்றதாம்! அந்த ஒரு செய்தி பாதி வழக்கைத் தீர்த்துவிட்டது.

நீர் சூடேறினால் விரிவடையும். 100 லீற்றர் நீரை 10 பாகை செல்சியசிலிருந்து 70 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 2 லீற்றர் பெருகும். நீரையோ எளிதில் நெருக்க இயலாது. பெருகும் நீருக்கு இடமளிக்கவே விரிவுக் கலம் என்னும் பாத்திரம் இணைக்கப்பட்டுள்ளது. அதன் நடுவே ஓர் இறப்பர் மென்றகடு. ஒரு பக்கத்தில் நீர், மறுபக்கத்தில் அமுக்கிய காற்று. நீர் பெருகும்போது காற்றுச் சுருங்கி வழிவிடும். 1662 இல் றொபேட் போயில் வெளியிட்ட விதியை மாணவர்கள் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

அக்காற்றுக் காலப்போக்கில் கசிந்துபோனாலோ, இறப்பர் கிழிந்தாலோ பெருகும் நீருக்கு இடமில்லை. முள் விரைந்து ஏறும். 3 பாரளவில் பாதுகாப்பு வால்வு திறந்து, சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் சிறு குழாய் வழியே நீரைக் கொட்டிவிடும். இரவில் யந்திரம் ஆறியதும், குறைந்த நீரினால் முள் பூச்சியத்தை நோக்கி விழும். மறுநாட் காலையில் நிரப்பிய நீரும் அவ்வழியே போகும்!

சூடேறியபோதும் முள் 2 பாரளவைத் தாண்டாது, சூட்டிலும் குளிரிலும் ஒரே சீராக இறங்கிவருமாயின், கசிவையே ஐயுறவேண்டும். ரேடியேற்றர் வால்வுகளின் பொருத்துகளில் மெல்லிய கடதாசியைச் சுற்றிப் பார்க்கலாம். சூட்டினால் துளி உலர்ந்துவிடினும் பச்சையாகவோ பழுப்பாகவோ கறை எஞ்சும். தளத்தின் கீழ் மறைந்த குழாயும், கொதிகலனின் உட்பகுதியும் கசிவதுண்டு. அவற்றைத் தொழில் வல்லுநரே சோதிக்கவேண்டும்.

அன்றிரவு வெளிக் குழாயின் வாயில் ஒரு பிளாத்திக்குப் பையைத் தளர்வாகக் கட்டிவிடும்படி கூறினேன். காலையில் பையில் நீர் இருந்தது. அப்பொழுது அவருடைய தாயார், "பின்சுவரோரம் விடியற்காலையில் நிலம் கண்ணாடி போல உறைந்து கிடக்கிறது என்று நான் எத்தனை நாளாய்ச் சொல்லுகிறேன்" என்றாராம். மகன் அதனை உறைபனி என்றே எண்ணியிருந்தார்.

இனிச் செய்யவேண்டியது வல்லுநரின் வேலை. பிரித்தானியாவில் 2009 முதல் காஸ் சேஃப் பதிவேட்டிற் பெயருள்ளவரே எரிவாயுக் கருவிகளில் வேலை செய்யலாம். வந்தவரிடம் அவ்வட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் நாணம் வேண்டாம். மூடியைத் திறந்து பிழையாகப் பூட்டினால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வீட்டினுட் புகக்கூடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வந்த வல்லுநர் விரிவுக் கலத்தின் காற்று வால்வை அழுத்திப் பார்த்தார். காற்று வரவில்லை, நீரே வந்தது. இறப்பர் கிழிந்திருந்தது. புதிய கலமும் புதிய பாதுகாப்பு வால்வும் பொருத்தப்பட்டன. முள் அதன்பின் இறங்கவில்லை.

நீர் நிரப்புவது தீதன்று. ஆனால் யந்திரம் ஆறியபின், மெதுவாக, 1.5 பாரைத் தாண்டாமல் நிரப்பி, குழாயை இறுக மூடவேண்டும். வாரந்தோறும் நிரப்புவதோ கேடு. புதுநீரோடு வரும் ஒட்சிசன் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து, கருஞ்சேறாக ரேடியேற்றரின் அடியிற் படியும். துருத் தடுக்கச் சேர்த்த மருந்தும் ஐதாகிவிடும்.

ஆகவே, கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: முள்ளைக் குளிரில் ஒருமுறையும் சூட்டில் ஒருமுறையும் பாருங்கள். இரண்டையும் குறித்து வைத்து வல்லுநரிடம் கொடுங்கள். வீட்டிலுள்ள முதியோர் கண்டதையும் கேளுங்கள்.